சிவப்புப் புடவை, கையில் ஒரு சின்னப் பெண்

பானுமதி பொம்மைக்குப் பிசிர் எடுக்கிறவள். விருத்தாசலத்தில் எங்கள் செராமிக் கம்பெனியில் அவளும் நானும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தோம். அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் இரண்டு பாதியும் சேர்ந்த இடம் ஒரு கோடாக மேடு தட்டி நிற்கும். அதைச் சின்னக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, அங்கே கோடே இருந்ததில்லை என்பது போல் ஆக்க வேண்டும். கார்த்திகை வரைக்கும் அகல் விளக்கு வேலை ஓடும். அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள். மாதா, சூசையப்பர், ஒட்டகத்தோடு மூன்று ராஜாக்கள், படுத்திருக்கும் ஆடுகள். மாதாவை மட்டும் மேஸ்திரி பானுமதியிடம்தான் தருவார். மற்றவர்கள் கை பட்டால் மூக்கு மழுங்கிவிடும்.

நான் அவளுக்குப் பெரியப்பா மகள். எனக்குச் சீக்கிரமே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு அப்பா இறந்த பிறகு ஒவ்வொன்றாகத் தள்ளிப் போயிற்று. அவளைப் பெண் பார்க்க வருகிற கார் எங்கள் தெருவுக்குப் பழகிப் போயிருந்தது. வந்தவர்கள் கேசரி சாப்பிடுவார்கள், காபி குடிப்பார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சில பேர் சொல்லியும் அனுப்பினார்கள். மண்ணு வேலைக்குப் போகிற பெண், வயசு கூட, கை காய்ப்பாக இருக்கிறது என்று ஏதாவது ஒன்று. மறுநாள் காலையில் குழாயடியில் எதிர்வீட்டு சொர்ணாம்பாள் காத்திருப்பாள்.

"என்னா பானு, நேத்து வந்தவங்க கேசரிய நல்லாருக்குன்னு சொன்னாங்களா? முந்திரி வாசன எங்க வூடு வரைக்கும் வந்துச்சே!"

குடத்தை நிரப்பாமலேயே திரும்பி வருவாள் பானுமதி. கொஞ்ச நாளில் குழாயடிக்குப் போவதையே விட்டுவிட்டாள். அவள் அம்மா, என் சித்திதான் தண்ணீர் எடுத்தாள்.

சுனாமி வந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு வரன் வந்தது. சித்திக்கு ஒன்றுவிட்ட தம்பி ஆதிநாராயணன் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அவர் கடைக்கு வருகிற ஒரு அம்மா தன் மகனுக்குப் பெண் தேடினாள். மகனுக்கு ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. அவனுக்கும் வயது ஏறியிருந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. ஆனால் அந்த அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து தின்றுவிட்டு வேண்டாம் என்று சொல்வது பாவம், எங்காவது பொது இடத்தில் பெண்ணைப் பார்த்துவிடுகிறோம், பிடித்தால் முறையாக வருகிறோம் என்றாள். சித்தி அதைக் கேட்டு அழுதேவிட்டாள். இப்படியும் ஒரு நல்ல மனசுக்காரியா என்று.

"பழமலைநாதர் கோயில்ல வச்சுக்கலாம்" என்றாள் சித்தி.

"கோயில்லயா? சொர்ணாம்பா தெனம் ரெண்டு வேள அங்கதான் குந்தியிருக்குது" என்றாள் ஜெயஸ்ரீ. பானுமதியின் அண்ணன் பாண்டியனுடைய மனைவி. "நம்ம வேலுவ எத்தினி நாளா அந்த தீம் பார்க்குக்கு அழச்சிக்கினு போறேன்னு ஏமாத்திக்கினு இருக்கோம். மெட்ராசு போற வழிதான? அவங்களுக்கும் கிட்ட. கிறிஸ்மஸ் அன்னிக்கு மாப்ளைக்கும் லீவு, புள்ளைக்கும் அரப்பரீட்ச லீவு. குடும்பமா டூர் போனோம்னு இருக்கட்டும். எவளும் கேசரிய மோந்து பாக்க முடியாது."

அன்றுதான் எனக்கும் சிரிப்பு வந்தது. பாண்டியன் மோட்டார் மெக்கானிக். வேன்காரனைத் தெரியும். கிறிஸ்துமஸ் சமயத்தில் வேன் கிடைக்காது என்று ஒரு மாதம் முன்னாலேயே சொல்லி வைத்தான். பார்க்கில் கூட்டம் நெருக்கும், கதவு திறக்கும்போதே உள்ளே போய்விட வேண்டும், அதனால் விடியுமுன்னே புறப்பட வேண்டும் என்று அவன் திட்டம் போட்டான். சித்தி புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் என்றாள். பாண்டியன் மகள் வேல்விழிக்கு, எங்கள் வேலுவுக்கு, ஒன்பது வயது. அவளுக்கு அலை அடிக்கும் குளம் மட்டும்தான் வேண்டும்.

போட்டோ அனுப்ப மாட்டேன் என்று பாண்டியன் பிடிவாதமாக இருந்தான். "இவ போட்டோ போவாத ஊரே இல்ல. கடைசியா திரும்பி வந்ததுல மீச வரஞ்சிருந்துச்சு. நேர்லயே பாக்கட்டும்."

"அப்ப அடையாளம் எப்பிடித் தெரியும்?" என்று நான் கேட்டேன்.

ஜெயஸ்ரீ யோசித்தாள். "பார்க்குல எல்லாம் ஜீன்ஸு, சுடிதாருன்னுதான் வருவாளுங்க. இவ புடவைல நின்னாலே தெரியும். செவப்பா ஒண்ணு கட்டிக்கட்டும், பளிச்சுன்னு இருக்கும். கையில வேலுவப் புடிச்சிக்கினு ராட்டினத்துகிட்ட நிக்கட்டும். செவப்புப் பொடவ, கையில சின்னப் பொண்ணு. தப்பவே தப்பாது."

பாண்டியன் அதை அப்படியே ஆதிநாராயணனுக்கு செல்போனில் சொன்னான். தாம்பரத்துக்கு நேராகவே கேட்கிற மாதிரி கத்திச் சொன்னான்.

மார்கழி மாதம் அது. எங்கள் தெருவிலேயே பாதிப் பெண்கள் சக்தி மாலை போட்டுச் சிவப்புப் புடவையில்தான் இருந்தார்கள். ஓம் சக்தி, ஓம் சக்தி என்று வேன் வேனாக மேல்மருவத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அது கண்ணெதிரே இருந்தது. ஆனால் தீம் பார்க் என்றால் அது வேறு உலகம், அங்கே எங்களைப் போன்றவர்கள் வர மாட்டார்கள் என்று எல்லோருமே நினைத்திருந்தோம்.

இன்னொன்றும் முடிவாயிற்று. பானுமதிக்கு எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் முகம் இறுகிப் போகும், கையை மறைத்து மறைத்துத் திருதிருவென்று முழிப்பாள், இதுவரைக்கும் அதனால்தான் கெட்டது என்றாள் ஜெயஸ்ரீ. எங்கள் பக்கத்தில் இப்படிச் செய்வது உண்டுதான். பெண்ணுக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் பானுமதிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அது எனக்கே பிறகுதான் தெரியும். பீரோவில் ஜாதகத்தோடு வைத்திருந்த மாப்பிள்ளையின் போட்டோவை வேல்விழி எடுத்துக்கொண்டு வந்து, "அத்த, இந்த மாமாதான் பார்க்குக்கு வருவாங்களாம். ஒங்கிட்ட சொல்லக் கூடாதாம்" என்று காட்டிவிட்டாள். பானுமதி அதை வாங்கிப் பார்த்தாள். முன் வழுக்கை லேசாக விழுந்த, சிரிக்கலாமா வேண்டாமா என்று பாதியில் நின்ற முகம். எடுத்த இடத்திலேயே வைத்துவிடு என்று குழந்தையை அனுப்பிவிட்டாள். அந்த மாதம் முழுக்க அவள் வேலையில் ஒரு தினுசு இருந்தது. மாதாவின் உதட்டோரம் ஸ்பாஞ்சைக் கொண்டுபோய்க்கொண்டே பாட்டு முணுமுணுப்பாள். ராத்திரியில் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறாள் என்று சித்தி சொன்னாள். டூருக்குப் போகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

சிவப்புப் புடவையை ஜெயஸ்ரீ வாங்கி வந்தாள். "டூருக்குக் கட்டிக்க. ஒனக்கு இந்தக் கலரு எடுப்பா இருக்கும்" என்றாள். பானுமதி ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் கண்ணாடி முன்னால் நின்று நான் பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸ் அன்று இருட்டில் புறப்பட்டோம். நான், சித்தி, பானுமதி, பாண்டியன், ஜெயஸ்ரீ, வேல்விழி. பேருக்குக் குடும்ப டூர் என்பதால் வேன்காரன் பாட்டுப் போட்டான். மேல்மருவத்தூரைத் தாண்டும்போது நன்றாக விடிந்திருந்தது. சாலைக்கு இரண்டு பக்கமும் சிவப்பு. நிறுத்தியிருந்த பஸ்களில் இருந்து சிவப்பு இறங்கிக்கொண்டே இருந்தது. சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, இந்த வாட்டியாச்சும்" என்றாள். எங்கள் வேனில் ஒருத்தருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

பார்க் வாசலில் முதல் இடி. வெளிச் சாப்பாடு உள்ளே விட மாட்டோம் என்று காவலாளி சாதத் தூக்கைத் தடுத்தான். "புளிசாதந்தாம்பா, வேணும்னா நீயும் ஒரு வாய் துன்னு பாரு" என்றாள் சித்தி. அவன் சிரித்தானே தவிர விடவில்லை. அத்தனை பேருக்கான சாதத்தை எறிய முடியுமா? நான் வேனில் இருக்கிறேன், நீங்கள் போங்கள் என்று சித்தி தூக்கோடு திரும்பிவிட்டாள். போகும்போது பானுமதியின் தலைப்பூவைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

உள்ளே காலே வைக்க முடியவில்லை. மெட்ராஸே திரண்டு வந்தது போல் இருந்தது. சிவப்புத் தொப்பி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா ஒருவர் எல்லாருக்கும் கை கொடுத்தார். எங்களுக்கும் கொடுத்தார். ராட்டினத்தடியில் கொஞ்சம் நிழல் இருந்தது. "இங்கயே நில்லுங்க. எங்கயும் போவாதீங்க" என்றாள் ஜெயஸ்ரீ.

பானுமதி அண்ணாந்து பார்த்தாள். "அண்ணி, ஒரு தடவ ஏறிட்டு வந்துடட்டுமா?"

"அப்பறம் ஏறலாம். மேல போனா காத்துல தல கலஞ்சிடும்."

ஆதிநாராயணன் அந்த வீட்டாரோடு வருவதாக இருந்தது. தாம்பரத்தில் பஸ் எதுவும் நிற்கவில்லை, அவர்கள் மட்டும் எப்படியோ ஏறிவிட்டார்கள், முன்னாலேயே வந்துவிடுவார்கள், நான் பின்னால் வருகிறேன் என்று போன் செய்தார். அடையாளம் சொல்லியாகிவிட்டது, அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார். அந்த நேரம் பார்த்து வேல்விழி அழ ஆரம்பித்தாள். அலைக் குளத்தில் சங்கு ஊதினார்கள். அலை வரப் போகிறது என்று பிள்ளைகள் எல்லாம் ஓடின. அவள் தரையில் உட்கார்ந்து காலை உதைத்தாள்.

"ஒரு அலைய பாத்துட்டு வந்துடறோம்" என்று பாண்டியன் அவளைத் தூக்கிக்கொண்டான். புடவையோடு தண்ணீரில் விட மாட்டார்கள், அதற்கென்று நைலான் உடுப்பு வாடகைக்குத் தருகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஜெயஸ்ரீ என்னைப் பார்த்தாள், பானுமதியைப் பார்த்தாள். "வந்தது வந்தோம். நீ கூட இரு, இதோ வந்துட்டேன்" என்று அவளும் போய்விட்டாள். பாண்டியனின் செல்போன் லாக்கருக்குள் போயிற்று.

அதற்குப் பிறகுதான் அவர்கள் வந்தார்கள். மேல்மருவத்தூரில் இருமுடி செலுத்திவிட்டு, அப்படியே பார்க்கையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள். ஒரு பஸ் முழுக்க. அதற்குப் பின்னால் இன்னொரு பஸ். கிழவிகள், குமரிகள், கைக்குழந்தைக்காரிகள், எல்லோரும் சிவப்பு. ராட்டினத்து வரிசையில் நின்று கையை நீட்டி நீட்டிச் சிரித்தார்கள். பானுமதி அந்தச் சிவப்புக்குள் கரைந்து போனாள். பக்கத்தில் நின்ற எனக்கே அவளைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நான் மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்ததில்லை. ஆண்பிள்ளையோடு வருகிற ஒவ்வொரு வயசான அம்மாவையும் இவர்களாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு அம்மாக்கள் போனார்கள். அப்போது பானுமதி திடீரென்று அசையாமல் நின்றாள். முந்தானையை எடுத்துக் கைகளை மூடினாள். பிறகு நினைத்துக்கொண்டவள் போல் எடுத்துவிட்டுக் கையை வெளியே தொங்கவிட்டாள்.

எங்களுக்கு நேர் முன்னால் ஒரு அம்மா, அவள் மகளைப் போல ஒருத்தி, முன் வழுக்கை விழுந்த ஒரு ஆள், மூன்று பேர் நின்றார்கள். அவர்கள் எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள். அங்கே ஐஸ்கிரீம் வண்டியிடம் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண் மீதிச் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சிவப்புப் புடவை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண்.

அந்த அம்மா கழுத்தை நீட்டினாள். இடையில் பானுமதி நின்றது மறைத்தது.

"கொஞ்சம் அந்தாண்ட நவுந்துக்கம்மா" என்றாள் அந்த அம்மா. மரியாதையாகத்தான் சொன்னாள்.

பானுமதி நகர்ந்துகொண்டாள்.

அந்த ஆள் கண்ணாடிக்காரியைப் பார்த்தான். அவன் தங்கை அவன் காதில் ஏதோ சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. திரும்பும்போது ஒரு நொடி அவன் கண் பானுமதி மேல் பட்டது. கூட்டத்தில் யாரோ ஒருத்தர் மேல் கண் எப்படிப் படுமோ அப்படி. பிறகு மூவரும் பேசிக்கொண்டே வாசல் பக்கம் போய்விட்டார்கள்.

"யாருடி அவங்க?" என்றேன்.

"யாரோ" என்றாள்.

மற்றவர்கள் தலை ஈரமாக, கண் சிவந்து, சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஜெயஸ்ரீ அந்த நைலான் உடுப்பில் பத்து வயது குறைந்து தெரிந்தாள். "யாரும் வந்தாங்களா?" என்று என்னைக் கண்ணாலேயே கேட்டாள். தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினேன். சாயங்காலம் வரைக்கும் வேல்விழியின் கையை பானுமதியின் கையில் கொடுத்து ராட்டினத்தடியிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆதிநாராயணன் வந்து சேரவே இல்லை. பாதி வழியிலேயே திரும்பிவிட்டாராம். ராட்டினத்தில் ஏறச் சொன்னபோது பானுமதி வேண்டாம் என்றாள். வேனில் சித்தி தூக்கைத் திறந்தாள். புளிசாதம் வெயிலில் வீணாகவில்லை. எல்லோரும் பசியோடு சாப்பிட்டார்கள். பானுமதியும் சாப்பிட்டாள்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் ஆதிநாராயணன் போன் செய்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். பாண்டியன் வாசலில் நின்று பேசினான்.

"கண்ணாடியா? என்னா மாமா சொல்றீங்க? எங்க பானுவுக்கு ஏது கண்ணாடி?... சோடா புட்டியா?... நடுப் பார்க்குல சண்ட போட்டாளா? இவ வூட்டுக்குள்ளயே வாயத் தொறக்க மாட்டாளே மாமா!"

மறைத்துவிட்டார்கள் என்று அந்த அம்மாவுக்கு வருத்தமாம். கண்ணாடி போட்ட பெண் என்று முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமாம். நல்ல மனசுக்காரி என்பதால் அதோடு விட்டுவிட்டாளாம்.

வேல்விழிதான் முதலில் சொன்னாள். "நான் அத்தகூட நிக்கலியே. நான் அலைல இருந்தேன்." ஜெயஸ்ரீ அவள் தொடையைக் கிள்ளினாள். பிள்ளை வீறிட்டது.

பாண்டியன் திரும்பப் போன் போட்டு நடந்ததைச் சொன்னான். அது வேறு யாரோ மாமா, இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், நாங்கள் தாம்பரத்துக்கே கூட்டி வருகிறோம் என்று கெஞ்சினான். ஆதிநாராயணன் கேட்டுவிட்டுச் சாயங்காலம் பதில் சொன்னார். வேண்டாம் என்று ஒரு தடவை வாயில் வந்துவிட்டது, சகுனம் சரியில்லை, அதுவும் இல்லாமல் வேறு இடத்தில் பேச்சு நடக்கிறது என்றார்களாம்.

சித்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "யாரு மொகத்தையோ பாத்துட்டு எம் பொண்ண வேணாம்னுட்டாங்களே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அடுப்படியில் இருந்து பானுமதி வந்தாள். "அவங்க எம் பக்கத்துலதான் நின்னாங்கம்மா. அந்தம்மா என்னய நவுந்துக்கச் சொன்னாங்க" என்றாள்.

போட்டோவைப் பார்த்ததையும் சொன்னாள்.

"தெரிஞ்சுக்கினே நின்னியா?" ஜெயஸ்ரீயின் குரல் ஏறியது. "ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா? நாந்தான் பாண்டியன் தங்கச்சின்னு சொன்னா வாய் வெந்துடுமா? எவ்ளோ அலஞ்சோம், எவ்ளோ பாடு பட்டோம், எல்லாத்தையும் மரமாட்டம் நின்னு கெடுத்துட்டியே!"

"எனக்குத்தான் தெரியக் கூடாதுன்னு சொன்னீங்களே அண்ணி."

"அதுக்கு?"

"நானே போயி நாந்தான் பொண்ணுன்னு நின்னுருந்தா என்னா சொல்லியிருப்பாங்க? நீங்க என்னா சொல்லியிருப்பீங்க?"

பாண்டியன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். பானுமதி குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். ஆனால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு அவளுக்கு வரன் பார்க்கிற பேச்சு மெல்ல நின்றுபோனது. வாய்க்காரி என்று ஜெயஸ்ரீ உறவில் சொல்லி வைத்தாள். தெரிந்துகொண்டே கெடுத்தவள் என்ற பேச்சு எங்கள் பக்கமும் வந்தது. குழாயடியில் சொர்ணாம்பாள், "பார்க்குல கேசரி கெடயாதாமே?" என்று சித்தியிடம் கேட்டாளாம். எப்படித்தான் தெரிந்ததோ.

அந்தச் சிவப்புப் புடவையை மறு வருஷம் மார்கழியில் சித்தி கட்டிக்கொண்டு மாலை போட்டாள். தெருவோடு சேர்ந்து வேனில் போனாள். கோயிலை முடித்துக்கொண்டு அந்தப் பார்க்குக்கும் போனார்களாம். சித்தி இறங்கவில்லை.

பானுமதி வேலைக்கு வந்துகொண்டேதான் இருந்தாள். மூன்று கிறிஸ்துமஸ் போயிற்று. ஒரு நாள் மேஸ்திரி ஒரு மாதாவைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கன்னத்தில் கோடு அப்படியே இருந்தது. பானுமதி அதைக் கையில் எடுத்து, தூரமாக நீட்டிப் பார்த்தாள், கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். தனக்குத் தெரியவில்லை என்றாள். கண் முகாமில் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். கறுப்பு ஃபிரேம், கனமான கண்ணாடி.

அதைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போன அன்று நானும் கூடப் போனேன். ஜெயஸ்ரீ வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கை அப்படியே நின்றது.

"என்னா அண்ணி, நல்லாருக்குதா?" என்றாள் பானுமதி. "தாம்பரத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க. நாம ஒண்ணும் மறைக்கலன்னு."

ஜெயஸ்ரீ வெங்காயத்தின் மேல் குனிந்துகொண்டாள். பானுமதி குடத்தை எடுத்துக்கொண்டு, பல வருஷம் கழித்து, குழாயடிக்குப் போனாள்.